முன்வார்ப்பு வீடா? இணைப்பைக் கேளுங்கள்

"வாரத்துக்கு ஒரு தளம் ஏற்றிவிடுவோம் சார்." முன்வார்ப்புக் கான்கிரீட்டில் வீடு கட்டும் நிறுவனங்கள் பேச்சை இப்படித்தான் தொடங்கும். தர ஆய்வுக்குப் போகும் நான் அந்தக் கணக்கைக் கடைசியில்தான் கேட்பேன். சுவரும் தளமும் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டு லாரியில் வந்து இறங்கும்போது கட்டடம் வேகமாகத்தான் எழும். சென்னை பெரும்பாக்கத்தில் இந்த முறையில் கட்ட 2021 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய 1,152 வீடுகள் 2022 மே மாதம் திறக்கப்பட்டன. வேகம் இந்த முறையோடு பிறந்தது. நிறுவனத்தின் திறமை தெரிவது, வார்த்து வந்த இரண்டு கான்கிரீட் பலகைகள் சேருகிற இடத்தில்.

கீழ்ச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, மேல்சுவரின் அடியிலுள்ள குழலுக்குள் நுழைந்து நிற்கும். அந்தக் குழலின் கீழ்த்துளையில் கிரவுட்டை, அதாவது இடைவெளியை நிரப்பி இறுகும் சிமென்ட் கலவையைச் செலுத்தினால் அது மேல்துளையில் வழிய வேண்டும். வழிந்த பிறகே அடைக்கலாம். ஒரு வளாகத்தில், அடைப்பை எடுத்துவிட்டு மேல்துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தேன். விரல் நீளத்துக்குத் தடையே இல்லை. பதிவேட்டில் மட்டும் அந்தக் குழலுக்கு நேரே "நிறைந்தது" என்று கையெழுத்து இருந்தது. அந்தத் தளத்தின் அத்தனை துளைகளையும் திறந்து காட்டச் சொன்னேன். மேலே பூசி வண்ணமும் அடித்திருந்தால், அங்கே குடிவருகிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்?

லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பும் பலகைகளால் எழுப்பியதுதான். 1968 மே 16 அன்று 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்துச் சுவர்ப்பலகை ஒன்று வெளியே பெயர்ந்தது. தாங்க ஆளில்லாமல் அந்த மூலை முழுவதும் சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். 1986இல் கட்டடத்தைப் பிரித்துப் பார்த்தபோது பல இணைப்புகள் சரியாக நிரப்பப்படவே இல்லை என்பது தெரிந்தது.

ஆகவே, வீடு வாங்குவதற்கு முன் கிரவுட் பதிவேட்டையும், கனசதுரமாக வார்த்த மாதிரிகளை நசுக்கி வலிமையை அளக்கும் கியூப் சோதனையின் முடிவுகளையும் கேளுங்கள். மாதிரி வீட்டை நான் பொருட்படுத்துவதே இல்லை. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் சொல்லப்படும் கட்டுமானக் குறையை 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். அதைச் செய்கிறார்களா என்பதை அதே நிறுவனம் முன்பு கட்டிய வளாகத்தில் குடியிருப்பவர்களிடம் விசாரியுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த வாரத்தில் போனால் இன்னும் நல்லது. ஜன்னல் மூலைகளிலும் பலகை இணைப்புகளிலும் ஓதம் காய்ந்திருக்காது.