எரியாத விளக்கை நம்பலாமா?

காரைக்குடியில் என் அக்கா வீட்டுப் பின்கட்டில் இரண்டு வருடமாக ஒரு கார் முளைத்துக்கொண்டிருக்கிறது. அக்கா மகன் இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்துச் சட்டம் கட்டினான். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையில் எஞ்சின், பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் வாங்கிப் பூட்டினான். பதிவு செய்யாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் விடாது. அதனால் தோப்புக்குள் மட்டும்தான் ஓட்டம் என்று அப்பத்தாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறான். அப்பத்தாவுக்கு அதைவிடப் பெரிய கவலை, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஆயில் சொட்டக் கூடாது என்பது.

போன மாதம் போயிருந்தபோது டேஷ்போர்டைப் பெருமையாகக் காட்டினான். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடையில் பொறுக்கிய சிவப்புக் கண்ணாடிக் குமிழ் ஒன்று நடுவில் உட்கார்ந்திருந்தது. அதுதான் பிரேக் எச்சரிக்கை விளக்கு.

“பாருங்க மாமா, ஹேண்ட் பிரேக் இழுத்தா எரியும், விட்டா அணைஞ்சிடும். பிரேக் ஆயில் குறைஞ்சாலும் இதே லைட்டுதான் எரியும். இப்ப எரியலை, அப்ப ஆயில் சரியா இருக்கு.”

ஆயில் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றி, உள்ளே மிதக்கும் மிதவையைச் சுத்தமான பிளாஸ்டிக் ஸ்பூன் காம்பால் அடிவரை அழுத்தினேன். விளக்கு எரியவில்லை. டப்பா முழுக்கக் காலியாகியிருந்தாலும் அது எரிந்திருக்காது.

எரிகிற விளக்கு ஒரு சேதியைத்தான் சொல்லும். எரியாத விளக்கு இரண்டு சேதி சொல்லும்: எல்லாம் சரி, அல்லது சொல்ல வேண்டிய வயரே செத்துவிட்டது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

முதலில் அந்த டப்பாவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். ஊருணியில் எத்தனை படி வெளியே தெரிகிறது என்பதை வைத்துத் தண்ணீரின் அளவைச் சொல்வார்கள் இல்லையா, அது கண்ணால் பார்க்கிற முறை. பானெட்டுக்கு அடியில் இருக்கும் டப்பாவை ஓட்டுகிறவர் பார்க்க முடியாது. அதனால் மிதவைக்குள் ஒரு சின்னக் காந்தத்தை வைத்து, டப்பாவின் பிளாஸ்டிக் சுவருக்கு வெளியே ரீட் சுவிட்ச் என்ற ஒன்றைப் பொருத்துகிறார்கள்.

ரீட் சுவிட்ச் எனக்கு மிகப் பிடித்த சாமான். தீக்குச்சி கனத்தில் ஒரு கண்ணாடிக் குழல். அதற்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் நிக்கல் கலந்த இரும்புத் தகடுகள் நீண்டு வந்து, நடுவில் மயிரிழை இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்று நிற்கும். காந்தம் பக்கத்தில் வந்தால் இரண்டு தகடும் காந்தமாகிவிடும். எதிரெதிரே இருக்கும் நுனிகளில் ஒன்று வடமுனை, மற்றது தென்முனை. ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் பாயும். காந்தம் விலகினால் தகடுகள் தம் விறைப்பாலேயே பிரிந்துவிடும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1936-இல் வால்டர் எல்வுட் உருவாக்கியது இது. பிறகு தொலைபேசி நிலையங்களில் ஏராளமாக வேலை பார்த்தது.

பிரேக் ஆயிலுக்கு இது ஏன் அவ்வளவு பொருத்தம் என்றால், நாம் ஆயில் என்று சொல்கிறோமே தவிர அது எண்ணெயே இல்லை. டாட் 3, டாட் 4 என்று டப்பாவில் போட்டிருப்பதெல்லாம் கிளைக்கால் ஈதர் வகை. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், பெயின்டைத் தின்னும், ஈரம் ஏறியபின் உலோகத்தையும் அரிக்கும். அதற்குள் செம்புத் தொடுமுனைகளை முக்கி வைத்தால் கொஞ்ச நாளில் பச்சை பூத்துவிடும். ரீட் சுவிட்சோ கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது. பிளாஸ்டிக் சுவரைத் தாண்டி வருவது காந்தப்புலம் மட்டும்தான்.

இனி வயரிங். எல்லாரும் நினைப்பதுபோல பேட்டரியிலிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து பல்பு என்று போவதில்லை. பல்புக்கு 12 வோல்ட் நேராக, சாவி வழியாகவும் ஃபியூஸ் வழியாகவும் வந்துவிடும். சுவிட்ச் இருப்பது பல்பின் மறுபக்கம், எர்த்துக்குப் போகிற வழியில். காரின் இரும்புச் சட்டமே எர்த் என்பதால் ஒரு வயர் மிச்சம். இன்னொரு வசதியும் உண்டு: ஹேண்ட் பிரேக் சுவிட்ச், டப்பா சுவிட்ச் இரண்டையும் பல்பின் அதே முனையில் சேர்த்துவிடலாம். எந்தச் சுவிட்ச் எர்த்தைத் தொட்டாலும் விளக்கு எரியும்.

அக்கா மகனும் அப்படித்தான் போட்டிருந்தான். தப்பு எங்கே? மல்டிமீட்டரை எடுத்துப் பார்த்தோம். ரீட் சுவிட்ச் நல்லபடி ஒட்டுகிறது, வயரும் நன்றாக இருக்கிறது. டப்பா சுவிட்சின் எர்த் வளையத்தை அவன் பெயின்ட் அடித்த குழாயின் மேலேயே ஸ்குரூ வைத்து முறுக்கியிருந்தான். ஸ்குரூவின் புரி வழியாகக் கொஞ்ச நாள் மின்சாரம் போயிருக்கும். அப்புறம் அதுவும் துருப்பிடித்துவிட்டது. அரிமானத்தை ஆராய்வதற்கென்றே ஆட்கள் இருக்கிற சிக்ரி ஆய்வகம் இதே ஊரில்தான் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தபோது விளக்கு எரிந்ததே, அது பொய்யா? பொய் இல்லை. ஃபியூஸும் பல்பும் உயிரோடு இருக்கின்றன என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் அந்த மின்சாரம் ஹேண்ட் பிரேக் வழியாக எர்த்துக்குப் போகிறது, டப்பா பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சாவியைத் திருப்பியதும் கம்பெனிக் கார்களில் எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து அணைவதும் பெரும்பாலும் இதே அளவுக்கான சோதனைதான்.

பெயின்டைச் சுரண்டி எர்த்தைச் சரிசெய்தால் அன்றைக்கு வேலை முடிந்திருக்கும். அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் துரு ஏறினால் யாருக்குத் தெரியும்? இந்தச் சிக்கலை ரயில்வேக்காரர்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். 1872-இல் வில்லியம் ராபின்சன் அமைத்த தண்டவாள மின்சுற்றில், பாதை காலியாக இருக்கும்போதுதான் தண்டவாளத்தில் ஓடும் மின்சாரம் மறுமுனைவரை எட்டும். அது அங்கே ஒரு ரிலேயை, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சை, இழுத்துப் பிடித்திருக்கும். ரயில் வந்தால் சக்கரமும் அச்சும் மின்சாரத்துக்குக் குறுக்குவழி போட்டுவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பு. தண்டவாளம் உடைந்தாலும் சிவப்பு, பேட்டரி செத்தாலும் சிவப்பு. சரி என்று சொல்லத்தான் மின்சாரம் வேண்டும்; ஆபத்து என்று சொல்ல ஒன்றும் வேண்டாம்.

அதையே காரில் செய்தோம். ஆயில் குறைந்தால் ஒட்டுகிற சுவிட்சுக்குப் பதில், குறைந்தால் பிரிகிற சுவிட்ச் வேண்டும். அதாவது மிதவை மேலே இருக்கும்போது காந்தம் ரீட் சுவிட்சின் பக்கத்தில் இருக்க வேண்டும். ரீட் சுவிட்சைக் கொஞ்சம் மேலே ஏற்றி ஒட்டினால் போதும். (தண்ணீர்த் தொட்டிக்கு விற்கும் மிதவை சுவிட்சை வாங்கி உள்ளே போடலாமே என்று தோன்றும். வேண்டாம். அதன் ரப்பர் வளையம் பிரேக் ஆயிலில் ஊறி உப்பிவிடக்கூடும்.)

பிறகு ஐந்து பின் ரிலே ஒன்று; ஒவ்வொரு பின்னுக்கும் ஓர் எண் உண்டு. 86-க்குச் சாவி வழியாக 12 வோல்ட். 85-இலிருந்து ரீட் சுவிட்ச், அங்கிருந்து எர்த். 30 எர்த்துக்கு. 87ஏ பல்புக்கு. ரிலே சும்மா கிடக்கும்போது 30-உம் 87ஏ-யும் ஒட்டியிருக்கும். ஆயில் சரியாக இருந்தால் ரீட் ஒட்டும், ரிலே இழுக்கும், 87ஏ பிரியும், விளக்கு அணையும். ஆயில் குறைந்தாலும், ரீட் சுவிட்சின் வயர் அறுந்தாலும், அதன் எர்த் துருப்பிடித்தாலும், ரிலேயின் கம்பிச்சுருளே கருகினாலும் விளக்கு எரியும். பல்பையும் ஃபியூஸையும் ஹேண்ட் பிரேக் தினமும் சோதித்துவிடுகிறது. மிதவையே எங்காவது சிக்கிக்கொண்டாலோ, ரிலேயிலிருந்து பல்புக்கோ எர்த்துக்கோ போகிற வயர் விட்டுப்போனாலோ இந்த ஏற்பாட்டுக்குத் தெரியாது. அதற்கு மாதம் ஒருமுறை ஸ்பூன் காம்பு.

ரிலேயால் இன்னொரு லாபம். 2 வாட் பல்பு எரியும்போது இழுப்பது 0.17 ஆம்பியர்தான். ஆனால் குளிர்ந்த இழையின் தடை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்பதால், எரியத் தொடங்கும் அந்த நொடிப்பொழுதில் ஒன்றரை ஆம்பியர் பாயும். சின்ன ரீட் சுவிட்சுகள் பல, அரை ஆம்பியரைத்தான் தாங்கும். தகடுகள் பொறிபட்டு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளலாம். இப்போது அந்த அடியை வாங்குவது ரிலே. அதன் கம்பிச்சுருள், மின்சாரம் அணைகிற கணத்தில் திருப்பி உதைக்கும். அதற்குக் குறுக்கே, மின்சாரத்தை ஒரே திசையில் விடுகிற டையோடு ஒன்றைப் போட்டால் அடங்கிவிடும்.

ஆயில் ஏன் குறைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விளக்கைப் பார்த்ததும் பாட்டிலைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். சக்கரத்தோடு சுற்றும் தட்டை அழுத்திப் பிடிக்கும் பேடு தேயத் தேய, அதைத் தள்ளும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே நகரும். அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். 48 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் 14 மி.மீ. நகர்ந்தால் சுமார் 25 மி.லி. முன்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்து 50 மி.லி. சின்ன டப்பாவில் மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்க அது போதும். அதாவது ஒரு சொட்டுகூடக் கசியாமலே விளக்கு எரியலாம், பேடைப் பார் என்று சொல்ல. பார்க்காமல் மேலே ஊற்றினால் விளக்கு வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் புதுப் பேடு போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் பொங்கி வழிந்து பெயின்டை உரிக்கும்.

விளக்குக்கு மட்டம் மட்டும்தான் தெரியும். ஆயில் ஈரம் ஏறிப் பழசாகிவிட்டதா, குழாய்க்குள் காற்று புகுந்ததா என்பதெல்லாம் தெரியாது. புது டாட் 3 கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி வேண்டும், 3.7 சதவீதம் ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். டப்பாவில் மட்டம் மாறாது.

எல்லாம் பூட்டியபின் கனெக்டரைப் பிடுங்கினோம், எரிந்தது. மாட்டினோம், அணைந்தது. மிதவையை அழுத்தினோம், எரிந்தது. தோப்புக்குள் கொண்டுபோனான். நேராகப் போகும்போது அமைதி. கிணற்றைச் சுற்றித் திரும்பும்போதெல்லாம் சிவப்புக் குமிழ் கண்ணைச் சிமிட்டியது. எர்த் லூஸ் என்று இறங்கப் போனான். டப்பாவைப் பார்க்கச் சொன்னேன். மட்டம் கீழ்க்கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. திருப்பத்தில் ஆயில் ஒரு பக்கம் சாய, மிதவை ஒரு நொடி இறங்குகிறது.

காலையில் மேல்கோடு வரை இருந்த ஆயில். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தோம். இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் மட்டும் செம்மண் ஈரமாக அப்பியிருந்தது. டிரம்மைக் கழற்றினால், அந்தச் சக்கரத்தின் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்திருந்தது.