அடுப்பு எரிகிறது, இரும்பு வியர்க்கிறது

விறகு அடுப்பு வைத்த பட்டறைக்கு இயந்திரம் பழுதுபார்க்கப் போனால் தவறாமல் கேட்கும் புலம்பல் இது: "அடுப்பு எரியாத நாளே இல்லை, ஆனாலும் லேத் (கடைசல் இயந்திரம்) துருப்பிடிக்கிறது." உடனே பழி அடுப்பின் மேல் விழும். அடுப்பு பாவம். புகைபோக்கி ஒழுங்காக இழுத்தால், விறகு எரியும்போது உண்டாகும் நீராவி அதன் வழியாகவே வெளியேறிவிடும்.

காலையில் தீ மூட்டினால் கொஞ்ச நேரத்தில் காற்று சூடாகிவிடும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த வார்ப்பிரும்பு சூடேற மணிக்கணக்காகும். சிக்கல் அங்கேதான். 20 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றின் பனிநிலை, அதாவது நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 9 டிகிரி. இயந்திரம் 5 டிகிரியில் இருந்தால் அதன்மேல் நீர் படிந்தே தீரும். மெல்லிய தகட்டு மூடி காய்ந்திருக்கும். பொருளை இறுக்கிப் பிடிக்கும் கனத்த வைஸும் லேத்தின் சக்கும் மூச்சு ஊதிய கண்ணாடி போல மங்கியிருக்கும். விரலால் தடவினால் கோடு விழும்.

சூடாக்குவதால் மட்டும் காற்றில் நீர் கூடிவிடாது. எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். நான் முதலில் பார்ப்பது விறகுக் குவியலை. உலரட்டும் என்று பச்சை விறகை அடுப்பருகே அடுக்கியிருப்பார்கள். அதன் எடையில் பாதிவரை நீராக இருக்கலாம். அது காய்வதெல்லாம் அறைக்குள்தான். அடுத்தது, அடுப்பின் மேல் ஓயாமல் கொதிக்கும் கெட்டில். பிறகு தரை. பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் கான்கிரீட்டில் ஒட்டி ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக நீர் நின்றால் ஈரம் தரையிலிருந்து ஏறுகிறது. எனக்கு அறவே பிடிக்காதது, புகைபோக்கி இல்லாத மண்ணெண்ணெய் ஹீட்டரைத் துணைக்கு வைப்பது. ஒரு லிட்டர் எண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் அறையில் சேரும். கார்பன் மோனாக்சைடு அபாயம் வேறு.

என்றோ ஒருநாள் பெருந்தீ மூட்டுவதைவிட, இரும்பை முழுவதும் ஆறவிடாமல் வைப்பது மேல். மேலே துணிப் போர்வை போதும். பிளாஸ்டிக் போர்த்தினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். வெறும் இரும்புக்கு எண்ணெய், மரம் உரசும் இயந்திர மேசைகளுக்கு மெழுகு. சிலிகான் கலந்த மெழுகு மட்டும் வேண்டாம், பிறகு மரத்தில் வார்னிஷ் பிடிக்காது. ஈரப்பதமானி ஒன்றை மாட்டி, 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடுங்குளிருக்குப் பின் திடீரென வெதுவெதுப்பான ஈரக் காற்று வீசும் நாளில் கதவுகளை அடைத்து வையுங்கள். அடுப்பே மூட்டாவிட்டாலும் அன்று இரும்பு நனையும்.

இன்னொன்று. துரு நீக்க வாங்கிய ஹைட்ரோகுளோரிக் அமிலப் புட்டி அலமாரியில் இருந்தால் இன்றே வெளியே எடுங்கள். மூடியே இருந்தாலும், கசியும் ஆவி பக்கத்து உளிகளை அரித்துவிடும்.