ஹேண்டில்பாரை இழுக்காதே, தம்பி

சிட்னியில் பள்ளி விடுமுறை தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. நேற்று அடிபட்ட நான்காவது மணிக்கட்டு என்னிடம் வந்துவிட்டது. பதினொரு வயதுப் பையன், பம்ப் டிராக்கில், அதாவது பெடல் மிதிக்காமல் உடல் அசைவாலேயே ஓட்டும் மேடு பள்ளமான சைக்கிள் பாதையில், விழுந்தவன். எப்படி விழுந்தாய் என்று கேட்டேன். மற்ற மூவரும் சொன்னதையே இவனும் சொன்னான்: "மேட்டு உச்சியில் ஹேண்டில்பாரை இழுத்தேன், டாக்டர்."

யார்தான் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்களோ! இழுத்தால் எழுவது முன்சக்கரம் மட்டும். பின்சக்கரம் மேட்டிலேயே இருக்கிறது. பிள்ளை கையை விறைத்துக்கொண்டு நிற்க, அந்தப் பின்சக்கரம் உச்சியில் உதைத்து அவனை முன்னால் வீசிவிடுகிறது. சைக்கிளைத் தூக்கும் வேலையைச் சரிவே செய்துவிடும். ஏறும்போது முழங்கையும் முழங்காலும் மடங்கி, சைக்கிள் உடலை நோக்கி வர இடம் கொடுக்க வேண்டும். இறங்கும்போது அதைக் கீழே அழுத்த வேண்டும். வேகம் அந்த அழுத்தத்தில் பிறக்கிறது. பெடல் மிதிக்காமல் ஒரு சுற்று முழுதாக வர முடிகிறதா? முடியாதவரை குதிப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் சாயா சகாகிபாரா பிஎம்எக்ஸ் பந்தயத்தில் (மேடுகளைத் தாண்டி ஓட்டும் சிறு சைக்கிள் பந்தயம்) தங்கம் வென்றதைப் பார்த்த பிள்ளைகளுக்கு உடனே பறக்க ஆசை. குழந்தையாக இருந்தபோதே ஓட்டத் தொடங்கிய அவருக்கு அன்று வயது 24. கொஞ்சம் பொறுங்கள்.

முதல் குதிப்புக்கு, நடுவே பள்ளம் இல்லாத தட்டை மேடே போதும். தூரம் குறைந்தாலும் சக்கரம் மேட்டின் மேல்தான் இறங்கும். இருக்கையைத் தாழ்த்துங்கள். உட்கார்ந்து ஓட்டக் கூடாது. இரு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், பார்வை அடுத்த மேட்டில் இருக்கட்டும். ஹெல்மெட், கையுறை, மூடிய காலணி கட்டாயம். செருப்போடு வந்த ஒருவனின் கால்விரலைத் தைத்தவன் நான். மறுபடி தைக்க விருப்பமில்லை.

விழுந்தபின் கட்டைவிரலின் அடியில் உள்ள சிறு குழியை அழுத்திப் பாருங்கள். வலித்தால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள். அங்குள்ள சின்ன எலும்பின் விரிசல் சில நேரம் முதல் படத்தில் தெரியாது. 10 முதல் 14 நாளில் மறுபடி காட்ட வேண்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வயிற்றில் காசு அளவு வட்டமாகக் கன்றியிருந்தால், பிள்ளை சிரித்துக்கொண்டு இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அது ஹேண்டில்பார் முனை குத்திய தடம். உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கணையமோ அடிபட்டிருந்தால், வலி பல மணி நேரம் கழித்தும் வரலாம்.

இன்று மாலை அந்த முனைகள் இரண்டையும் விரலால் தடவிப் பாருங்கள். ரப்பர் கிழிந்து குழாயின் விளிம்பு தட்டுப்பட்டால், புதுப் பிடி மாட்டும்வரை சைக்கிள் வீட்டிலேயே நிற்கட்டும்.