எண்ணும் எழுத்தும்: அரும்பு, மொட்டு, மலர் என்றால் என்ன?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், இரண்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை 'அரும்பு' நிலையில் இருப்பதாக ஆசிரியர் சொன்னால், ஒரு வகுப்பு கீழே இறக்கிவிட்டார்களோ என்று பெற்றோர் பலர் பதறிவிடுகிறார்கள். பதற வேண்டாம். வருகைப் பதிவேட்டில் பிள்ளை இரண்டாம் வகுப்புதான். ஆண்டு முடிந்ததும் மூன்றாம் வகுப்புக்குப் போகும். எங்கிருந்து சொல்லித்தர ஆரம்பிக்க வேண்டும் என்று ஆசிரியருக்குக் காட்டுவதுதான் அந்த நிலை.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, எழுத்தையே பார்க்காமல் வகுப்பு ஏறிவிட்ட பிள்ளைகள் ஏராளம். அந்த இடைவெளியை அடைக்க, 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2025-க்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. முதலில் ஒன்று முதல் மூன்று வரை. அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளும் சேர்ந்தன.

அரும்பு ஏறத்தாழ ஒன்றாம் வகுப்புத் திறன், மொட்டு இரண்டாம் வகுப்பு, மலர் மூன்றாம் வகுப்பு. தொடக்கத்தில் ஓர் அடிப்படை மதிப்பீடு வைத்து நிலையை முடிவுசெய்கிறார்கள். தமிழில் மொட்டாக இருக்கும் பிள்ளை கணக்கில் அரும்பாக இருக்கலாம். அந்தந்த நிலைக்கான பயிற்சி நூல்கள் இலவசம். பாடல், கதை, படைப்பு என்று வகுப்பறைக்குள் தனித்தனிக் களங்கள் இருப்பதால், போய்ப் பார்த்தால் விளையாட்டாகவே தெரியும்.

வாசிப்பு விஷயத்தில் வீட்டாருக்கும் பள்ளிக்கும் அடிக்கடி முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பித்தால் படிக்கத் தெரிந்துவிட்டது என்று வீட்டில் நம்புகிறோம். 'க, கா, கி, கீ' என்று ராகம் போட்டுச் சொல்லும் பிள்ளையிடம் நடுவிலிருந்து 'கூ'வை மட்டும் காட்டினால் விழிப்பதைப் பார்க்கலாம். வரிசைப் பாட்டு மனப்பாடமாகியிருக்கிறது, எழுத்து இன்னும் பிடிபடவில்லை. உண்மையில் மெய் 18-ம் உயிர்க்குறிகளும் பிடிபட்டால் மீதியைப் பிள்ளையே கூட்டிப் படித்துக்கொள்ளும்.

அதிலும் சிக்கல் எல்லாக் குறிகளிலும் ஒரே அளவில் இல்லை. துணைக்கால் எளிது. 'கெ', 'கே', 'கை' மூன்றிலும் காது முதலில் கேட்பது ககரத்தை, கண் முதலில் பார்ப்பது கொம்பை. 'கொ'வில் குறி எழுத்தின் இரு பக்கமும் நிற்கிறது. 'கு, சு, து, பு' ஆகியவற்றில் உகரத்துக்கு ஒரே வடிவம் கிடையாது, ஒவ்வொன்றையும் தனியாகத்தான் பழக வேண்டும். பிள்ளை வாரக்கணக்கில் இங்கே திணறுவது இயல்பே. பத்து முறை எழுதச் சொல்வதைவிட, 'குடை', 'கொடி', 'கெண்டை' என்று தெரிந்த சொற்களுக்குள் வைத்துக் காட்டுவது பலன் தரும் என்பது என் எண்ணம்.

சரி, பெற்றோர் எதைக் கேட்கலாம்? கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 24-ஆம் பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது. முன்னேற்றத்தைப் பெற்றோரிடம் தெரிவிப்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஆகவே தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் பிள்ளை எந்த நிலை என்று தயங்காமல் கேளுங்கள். பாடம் நடக்கும்போதே அவ்வப்போது வைக்கும் வளரறி மதிப்பீடுகளை ஆசிரியர்கள் செல்போன் செயலியில் பதிகிறார்கள், பதில் அவர்கள் கையிலேயே இருக்கும். 'எத்தனை மதிப்பெண்?' என்று கேட்பதைவிட 'எந்தக் குறியில் தடுமாறுகிறது?' என்று கேட்டால் வீட்டில் உதவ வழி கிடைக்கும்.

படிக்கவில்லை என்று பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்கிறது. பல மாதமாகியும் நிலை மாறவில்லை என்றால் முதலில் வகுப்பாசிரியர், பிறகு தலைமை ஆசிரியர். அதற்கும் மேலே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசலாம். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்க வேண்டும் என்பது சட்டம்.