கிளாக்கர், லிகிதர், எழுதுவினைஞர்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில் வங்கிக்கு வரும் தேயிலைத் தோட்டத்துப் பாட்டிமார், கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளையை "கிளாக்கரம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சொல் அவர்களுக்கு வங்கியில் அறிமுகமானதல்ல, தோட்டத்து ஆபிசிலிருந்து கூடவே வந்தது. செக்ரோல் என்ற வேலைப் பதிவேடு அங்கே கிளாக்கரின் கையில் இருந்தது. அதில் பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அரைப்பேர் விழுந்தால் பாதிதான். 'பெரிய கிளாக்கர்' என்று சொல்லும்போது குரல் தானாகத் தணிந்ததற்கு அதுதான் காரணம்.

கிளார்க் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் கிறிஸ்தவக் குருமார் என்றே பொருள். லத்தீனில் 'கிளெரிகஸ்'. நடுக்கால ஐரோப்பாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் குருமாராக இருந்ததால், கணக்கும் கடிதமும் எழுதுகிறவருக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது.

பழைய அலுவலகத் தமிழில் கிளாக்கர் லிகிதர், அவர்களின் தலைவர் பிரதம லிகிதர். 'லிகித' என்றால் சமஸ்கிருதத்தில் எழுதப்பட்டது. சிங்களத்தில் லிபிகரு.

இலங்கைத் தமிழில் நிலைத்த நல்ல சொல் எழுதுவினைஞர். எழுதும் வினையைச் செய்பவர். கலைஞர், கவிஞர் என்பவற்றில் வரும் அதே 'ஞர்'. தமிழ்நாட்டில் எழுத்தர் என்கிறார்கள். அது சுருக்கமானதுதான், ஆனால் எழுத்தாளருக்கு மிக அருகில் ஒலிக்கிறது. நம் சொல்லில் வேலை என்னவென்று தெளிவாகத் தெரிகிறது. அரச சேவையில் பின்னர் வந்த 'முகாமைத்துவ உதவியாளர்' என்ற பெயரில் அந்தத் தெளிவு இல்லை, அதில் எழுத்தையே காணோம்.

வங்கியில் காசை எண்ணிக் கொடுப்பவர் காசாளர். கணக்குத் திறப்பது, படிவம் சரிபார்ப்பது, பதிவது எல்லாம் எழுதுவினைஞர் வேலை. 1888இல் ஹட்டனில் ஒரு வங்கியைத் தொடங்கியவர்கள் பிரித்தானியத் தோட்டத்துரைமார். 1970இல் ஹட்டன் நஷனல் வங்கி உருவானது அதன் வழியில்தான். துரைமாரின் காசுக்காகத் தொடங்கிய இடத்தில் இன்று லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், வளர்ந்த பிள்ளைகளும் எழுதுவினைஞராக இருக்கிறார்கள். "படிவத்த எழுதித் தாம்மா" என்று பாட்டி நீட்டும்போது வாங்கி எழுதுகிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒன்று: சொல்லைச் சேர்த்தே எழுதுங்கள். 'எழுது வினைஞர்' என்று பிரித்தால் எழுதச் சொல்லி ஏவுவது போலாகிவிடும்.