புதிய மூலக்கூறு என்பதாலேயே காப்புரிமை கிடைத்துவிடாது

சென்ற வாரம் பாளையங்கோட்டையில் காப்புரிமைக் கோப்புகளைக் கவனிக்கும் என் அலுவலகத்துக்கு வேதியியல் பேராசிரியர் ஒருவர், மஞ்சள் துணிப்பை நிறைய, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் சோதனைத் தாள்களோடு வந்தார். வெளிநாட்டு வணிகர்கள் 'டின்னவெல்லி சென்னா' என்று நம் ஊர்ப் பெயராலேயே அழைக்கும் நிலாவாரையின் இலையிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்து, அதை ஆல்கஹாலோடு சேர்த்து எஸ்டர் என்னும் சேர்மமாக்கி, காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். துறை வல்லுநருக்கு அது எளிதில் தோன்றக்கூடியதே என்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதால், மேல்முறையீடு செய்ய வேண்டும் என்றார். இந்த ஆண்டில் இதே நிலையில் என் மேசைக்கு வந்த ஐந்தாவது கோப்பு அது. ஐவரும் கேட்டது ஒரே கேள்விதான். "உலகத்துல யாருமே இதைச் செஞ்சதில்லை சார், பொறவு எப்படி எல்லாருக்கும் தோணும்னு சொல்லுதாங்க?"

புதுமை வேறு, எளிதில் தோன்றாமை வேறு. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறது. அதே சேர்மம் முன்பு எங்கும் வெளியாகவில்லை என்றால் புதுமை தேறிவிடும். ஆனால், பேராசிரியருக்கு முன்பே அச்சான ஒரு கட்டுரையில் அதே அமிலத்தின் எத்தில் எஸ்டரும் அதன் பயனும் இருந்தன. இவர் செய்தது புரோப்பில் எஸ்டர். ஒரு கார்பன் கூடினாலும் ஏறத்தாழ அதே பயன் இருக்கும் என்று முதுகலை மாணவர்கூடச் செய்து பார்க்காமலேயே எதிர்பார்ப்பார். அந்த எதிர்பார்ப்புதான் ஆட்சேபணை. இதுவரை யாரும் செய்யாததற்குக் காரணம் அது அரிது என்பதல்ல, செய்ய வேண்டிய தேவை எழாமல்கூட இருந்திருக்கலாம். மூன்று ஆண்டுகள் உழைத்தேன் என்பதும் இங்கே எடுபடாது. சட்டம் வியர்வையை அளப்பதில்லை.

எஸ்டர் என்றாலே அதே சட்டத்தின் பிரிவு 3(டி)யும் குறுக்கே நிற்கும். தெரிந்த பொருளின் உப்பு, எஸ்டர், படிக வடிவம் போன்றவை, பயன்திறனில் கணிசமாக வேறுபட்டாலொழிய, அதே பொருளாகவே கருதப்படும். நோவார்ட்டிஸ் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், மருந்தைப் பொறுத்தவரை பயன்திறன் என்பது நோய் தீர்க்கும் திறனே என்றது. உயிர்வழிக் கிடைப்பு, அதாவது மருந்து இரத்தத்தில் சேரும் அளவு, 30 சதவீதம் கூடியது மட்டும் அங்கே போதுமானதாக இருக்கவில்லை. அப்படியிருக்க, விளைச்சல் கூடியது, நிறம் வெளுத்தது என்றெல்லாம் என்னிடம் எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

"எத்தில் எஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். அவர் ஆய்வேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். ஒப்பீட்டுக்குக் கடையில் வாங்கிய மருந்து ஒன்று இருந்தது. எத்தில் எஸ்டரைத் தயாரிக்கவே இல்லை. இரண்டு நாள் வேலை அது.

அன்புகூர்ந்து கேளுங்கள். மிக நெருங்கிய முந்தைய சேர்மத்தை உங்கள் ஆய்வகத்திலேயே தயாரித்து, ஒரே நாளில், ஒரே முறையில், இரண்டையும் பக்கத்தில் பக்கமாகச் சோதியுங்கள். எதிர்பாராத வேறுபாடு வந்தால் அதை எண்களோடு, கண்டுபிடிப்பை விளக்கி விண்ணப்பத்தோடு தரும் விவரக்குறிப்பில் எழுதுங்கள். வராவிட்டால் விண்ணப்பக் கட்டணத்தை மிச்சப்படுத்துங்கள். அவசரமென்றால் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யலாம்; முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் கிடைக்கும், அது சோதனைக்கான காலம், தூங்குவதற்கல்ல. பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். முதலில் வெளிப்படுத்தாத விஷயத்தைத் திருத்தத்தின் வழியே நுழைக்கப் பிரிவு 59 இடம் தராது.

மேல்முறையீட்டைப் பலர் மறுதேர்வு என்று நினைக்கிறார்கள். இத்தகைய முறையீடுகளை முன்பு விசாரித்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்ட பின், சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் உத்தரவுகளுக்கு எதிராகப் பிரிவு 117ஏ-யின்கீழ் மூன்று மாதத்துக்குள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். செய்யாத சோதனையை எந்த வழக்கறிஞரும் அங்கே செய்து காட்ட முடியாது. முந்தைய ஆவணம் எதைச் சொன்னது, இவருடைய சேர்மம் எதில் வேறுபடுகிறது, அந்த இடைவெளியை வல்லுநர் ஏன் தானாகக் கடந்திருப்பார் என்பதை உத்தரவு விளக்கியிருக்கிறதா என்றுதான் வாதாட முடியும்.

பேராசிரியருக்கு வந்த உத்தரவு மூன்று ஆவணங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, எதிலிருந்து தொடங்கி எப்படி இந்தச் சேர்மத்தை அடையலாம் என்பதைச் சொல்லாமலேயே முடிந்திருந்தது. வழக்குக்கு உயிர் அந்த ஓர் இடத்தில்தான். அதை மட்டும் பிடித்து மறுபரிசீலனை கோருவோம் என்றேன். கெடு முடியப் பத்தொன்பது நாள் இருந்தது. எத்தில் எஸ்டரை இப்போது செய்யலாமா என்று வாசலில் நின்று கேட்டார். செய்யுங்கள், அடுத்த விண்ணப்பத்துக்கு உதவும் என்றேன்.