கிராஃபிட்டி: கிறுக்கலா, கீறலா, எழுத்தா?

சுவரில் ஸ்ப்ரே பெயின்ட்டால் எதை அடித்திருந்தாலும் அதைக் கிராஃபிட்டி என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் மூலச்சொல்லில் பெயின்ட்டே கிடையாது. இத்தாலிய மொழியில் 'கிராஃபியாரே' என்றால் கீறுவது, பிராண்டுவது. கீறப்பட்ட ஒன்று 'கிராஃபிட்டோ', அதன் பன்மைதான் 'கிராஃபிட்டி'. (கிராஃபிட்டிகள் என்று எழுதுகிறவர்கள் பன்மைக்கே பன்மை போடுகிறார்கள், போகட்டும்.)

19ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல்லைப் பரப்பியவர்கள் பொம்பெயி நகரத்தை ஆராய்ந்தவர்கள். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிவிட்ட அந்த ஊரின் சுவர்களில் காதல், வசவு, தேர்தல் வம்பு என்று சனங்கள் கீறி வைத்தது ஏராளம். அதில் ஒரு குசும்பன், 'சுவரே, இத்தனை பேருடைய உளறலைச் சுமந்தும் நீ இடிந்து விழாமல் நிற்கிறாயே, ஆச்சரியம்தான்' என்று அதே சுவரில் கீறியிருக்கிறான்! கீழடி, கொடுமணல் பானை ஓடுகளில் உள்ள குறிகளையும் ஆங்கில அறிக்கைகள் கிராஃபிட்டி என்றுதான் குறிக்கும். தமிழில் பானைக் கீறல், கீறல் குறியீடு என்கிறார்கள். அந்த இடத்துக்குக் கீறல் கச்சிதமான சொல்.

சிக்கல் ஆரம்பிப்பது நியூயார்க்கில். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ், ஊர் முழுக்கத் தென்பட்ட 'டாக்கி 183' என்ற பெயர் யாருடையது என்று தேடி ஒரு செய்தி போட்டது. டாக்கி என்பது டெமெட்ரியஸ் என்ற கிரேக்கப் பெயரின் செல்ல வடிவம், 183 அந்தப் பையன் குடியிருந்த தெருவின் எண். கடிதம், பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை என்பதால், போகிற இடமெல்லாம் மார்க்கர் பேனாவால் பெயரை எழுதிக்கொண்டே போயிருக்கிறார். அப்புறம் ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் ஃபேஸ் 2 வருகிறார். இயற்பெயர் மைக்கேல் லாரன்ஸ் மேரோ, 1955இல் பிறந்தவர், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்தவர். எல்லோரும் பெயரை எங்கெங்கே எழுதலாம் என்று அலைந்தபோது, எப்படி எழுதலாம் என்று யோசித்த ஆள். 1972 வாக்கில் ரயில் பெட்டிகளில் அவர் எழுதிய எழுத்துகள் காற்றடைத்ததுபோல் உப்பியிருந்தன, ஒன்றின் வயிற்றில் இன்னொன்று சாய்ந்து நின்றது, உள்ளே ஒரு நிறம், விளிம்பில் வேறு நிறம். பபிள் எழுத்து என்று இன்று நோட்டுப் புத்தக அட்டைகளில் பிள்ளைகள் போடுகிறார்களே, அதற்கு அவர்தான் முன்னோடி. பெயின்ட் டப்பாவோடு வரும் முனை மெல்லிய கோடுதான் அடிக்கும் என்பதால், வேறு ஸ்ப்ரே டப்பாக்களின் முனையைக் கழற்றி மாட்டித் தடித்த கோடு அடிக்கும் தந்திரமும் அந்தக் கூட்டத்தில் பரவியது. போகப்போக ஃபேஸ் 2 எழுத்துகளை அம்புக்குறிகளோடு பின்னிப் பிணைத்து, வெளியாள் யாரும் வாசிக்கவே முடியாதபடி ஆக்கினார். 80களில் ஹிப் ஹாப் நிகழ்ச்சிகளுக்குத் துண்டறிக்கைகள் வடிவமைத்தார். 2019இல் காலமானார்.

அவருக்குக் கிராஃபிட்டி என்ற சொல்லே பிடிக்காது. அது பத்திரிகையும் மாநகராட்சியும் ஒட்டிய பெயர், அதைச் சொன்னாலே அசிங்கம், குற்றம் என்ற வாடை வந்துவிடும் என்பது அவர் கட்சி. தங்களை அவர்கள் 'எழுதுகிறவர்கள்' என்றும், செய்வதை 'எழுத்து' என்றும்தான் சொல்லிக்கொண்டார்கள். ரயில் நிர்வாகம் மருந்து ஊற்றிக் கழுவிக் கழுவி, கடைசி வண்ணப் பெட்டியை 1989 மே மாதம்தான் ஓட்டத்திலிருந்து எடுத்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? சுவரோவியம் பொருந்தாது, அது சித்தன்னவாசலுக்கும் மாநகராட்சி பாலத்தூணில் வரையச் சொல்லும் படங்களுக்கும் உரியது. சுவர்க் கிறுக்கல் என்றால் தீர்ப்பு எழுதிய மாதிரி. என் ஓட்டு சுவரெழுத்துக்கு. கட்சிக்காரர்கள் சுண்ணாம்படித்து இடம்பிடித்து எழுதுவதற்கும் அதுதானே பெயர் என்று கேட்கலாம். கேளுங்கள், தப்பில்லை. அங்கே எழுதப்படுவது தலைவர் பெயர், இங்கே எழுதுகிறவனின் சொந்தப் பெயர், அதுவும் காசு வாங்காமல், பிடிபடும் பயத்தோடு. சந்தர்ப்பம் பார்த்தால் எது என்று புரிந்துவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பழந்தமிழில் எழுத்து என்றால் ஓவியமும்தான். பரிபாடல் திருப்பரங்குன்றத்தில் படங்கள் தீட்டிய மண்டபத்தை 'எழுத்துநிலை மண்டபம்' என்கிறது. ஓவியம் எழுதுவது, கண்ணுக்கு மை எழுதுவது என்று இப்போதும் சொல்கிறோம். எழுத்தையே படமாக்கிய ஒருவரின் வேலைக்கு இதைவிடத் தோதான சொல் கிடைக்காது. செய்கிறவர் சுவரெழுத்தர். 'டேக்' என்று அவர்கள் சொல்லும் ஒற்றை வீச்சுப் பெயரைக் கையொப்பம் எனலாம், பல நிறத்தில் பெரிதாக இழைத்துப் போடும் 'பீஸ்' என்பதை மட்டும் அப்படியே விட்டுவிடலாம்.